என்னைக் கேட்டு நிரப்பிய படிவம்

1

இங்கே சிட்னியின் கிரவீனில் ஆடி மாதக் குளிர் என்றால் காலையில் எழும்பியதும் முதல் வேலை ஹீற்றரைப் போடுவதுதான். அன்றைக்கும் ஹீற்றரைப் போட்டு, அதற்கு முன்னால் கதிரையை இழுத்துவிட்டு, தேத்தண்ணியோடு இருந்து போனைத் திறந்தேன். ரொறன்ரோவில் இருந்து வசந்தி குரல்பதிவு அனுப்பியிருந்தாள்.

"பிள்ளையள், எல்லாரும் கவனமாக் கேளுங்கோ. மண்டபம் புக் பண்ணியாச்சு. ஜேர்ஸி அடிக்கக் குடுத்தாச்சு. யோகா, உன்ர சைஸ் நீ சொன்னதை விட ஒண்டு பெருசாச் சொல்லியிருக்கிறன், கோவிக்காதை. பிறேமாவுக்கு விசா போன மாசமே கிடைச்சிட்டுது. மிச்ச ஆக்களுக்கும் அனுமதி வந்திட்டுது. யோகா, நீதான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை."

யோகா நான். வசந்தி எங்கள் பள்ளிக்கூட வலைப்பந்தாட்ட அணியின் தலைவியாக இருந்தவள். இப்போதும் அவளுக்கு அந்தப் பதவி போகவில்லை. பதினேழு வயதில் யாழ்ப்பாணத்தில் ஒரே அணியில் ஆடிய ஏழு பேர் நாங்கள். பிறகு நாடு எங்களை எடுத்து எறிந்த எறியில் இரண்டு பேர் கனடாவிலும், ஒருத்தி லண்டனிலும், ஒருத்தி பாரிஸிலும், ஒருத்தி நோர்வேயிலும் போய் விழுந்தார்கள். நான் சிட்னியில். பிறேமா மட்டும் ஊரிலேயே இருந்து கணக்கு ரீச்சராகி, போன வருடம் ஓய்வும் எடுத்துவிட்டாள். ஏழு பேரும் ஒரே மைதானத்தில் நின்று முப்பத்தொன்பது வருடங்கள்.

"உயிரோட இருக்கேக்கை இன்னொருக்கா விளையாடிப் பாப்பம்" என்று வசந்திதான் தொடங்கினாள். எதிரணியையும் அவளே பிடித்துவிட்டாள். அவளுடைய மகள் விளையாடும் அணி. இருபத்தைந்து வயதுப் பெண் பிள்ளைகள் ஏழு பேர்.

விமான ரிக்கெற் நான் ஐந்து மாதங்களுக்கு முன்பே எடுத்திருந்தேன். ஆனால் அவுஸ்திரேலியப் பாஸ்போட் வைத்திருப்பவர்கள் கனடாவுக்குப் பறக்க விசா தேவையில்லாவிட்டாலும் இணையத்தில் ஒரு சின்னப் படிவம் நிரப்பி முன்கூட்டியே அனுமதி எடுக்கவேண்டும். பாஸ்போட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேள்விகளுக்குப் பதில் சொன்னால் அனேகமானவர்களுக்குச் சில நிமிடங்களில் ஈமெயில் வந்துவிடும். லண்டன்காரி பஸ்ஸில் போய்க்கொண்டே எடுத்துவிட்டதாக எழுதியிருந்தாள்.

நான் இரண்டு மாதங்களாக "நாளைக்குப் போடுறன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பயணத்துக்குப் பதினொரு நாட்கள் இருந்தன.

2

எங்கள் வீட்டில் படிவம் நிரப்புவது இவருடைய இலாகா. என் கணவர் ரயில்வேயில் சமிக்ஞை விளக்குகளைப் பராமரிக்கும் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒரு எழுத்துப் பிழைத்தால் இரண்டு ரயில்கள் மோதிவிடும் என்ற பயத்தோடுதான் எந்தப் படிவத்தையும் தொடுவார். கறுப்புப் பேனை, பெரிய எழுத்து, ஒரு பிரதி எடுத்து ஃபைலில் போடுவது. ஃபைலின் முதுகில் எங்கள் பெயர்கள் தனித்தனியே ஒட்டப்பட்டிருக்கும்.

யோசித்துப் பார்த்தால் என் வாழ்க்கையில் எனக்கென்று ஒரு படிவத்தை நான் நிரப்பியதே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு, அடையாள அட்டைக்கு எல்லாம் அப்பா நிரப்பினார். கொழும்பில் ஒரு ஏஜென்சிக்காரர் நிரப்பினார். கலியாணத்துக்குப் பிறகு இவர். காட்டிய இடத்தில் கையெழுத்து வைப்பது மட்டும்தான் என் பங்கு.

அதில் எனக்குக் குறை இருந்தது என்று சொல்லமுடியாது. ஒரேயொரு தடவை தவிர. ஊருக்குப் போய்த் திரும்பி வரும்போது விமானத்தில் தரும் வருகை அட்டையை வழக்கம்போல இவர் எல்லாருக்குமாக வாங்கி நிரப்பினார். நான் எட்டிப் பார்த்தேன். தொழில் என்ற இடத்தில் எனக்கு 'வீட்டு வேலைகள்' என்று எழுதியிருந்தார். அப்போது நான் வெஸ்ற்மீட் பக்கத்தில் ஒரு பரிசோதனை நிலையத்தில் இரத்தம் எடுக்கும் வேலைக்குப் போகத் தொடங்கி எட்டு வருடங்கள்.

"நான் வேலைக்குப் போறது உங்களுக்குத் தெரியாதோ?" என்று கேட்டேன்.

"பழக்கதோசத்திலை எழுதிப்போட்டன்" என்றார். உண்மையாகவே வெட்கப்பட்டார். அடுத்த முறை 'நேர்ஸ்' என்று எழுதினார். நான் நேர்ஸ் இல்லை. ஆனால் அப்போதும் என்னைக் கேட்கவில்லை.

இந்தத் தடவையும் படிவம் இவரிடம்தான் போனது. இணையத்தில் இருக்கும் படிவம் இவருடைய வேகத்துக்குக் காத்திருக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் பாஸ்போட்டோடு மூன்று தடவை ஒப்பிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு நிமிர்ந்தால், நேரம் முடிந்துவிட்டது, முதலில் இருந்து தொடங்கு என்று திரை சொல்லும். மூன்று தடவை அப்படி ஆனது. மூன்றாவது தடவை கொம்பியூட்டரை மெதுவாக மூடிவிட்டு எழும்பினார்.

"இது மனிசருக்குச் செய்தது இல்லை. மதுராவைக் கேளும்."

3

மதுரா எங்கள் ஒரே மகள். இருபத்தாறு வயது. தண்ணீர்க் குழாய்த் திட்டங்களில் பொறியியலாளராக வேலை கிடைத்து, இரண்டு வருடங்களுக்கு முன்பு மெல்பேர்ணுக்குப் போய், கிரெய்கிபர்னில் ஒரு சிநேகிதியோடு வீடு எடுத்து இருக்கிறாள். ஞாயிறு பின்னேரம் தவறாமல் போன் எடுப்பாள். சாப்பிட்டியா என்று கேட்பேன். "யா" என்பாள். குளிரோ என்று கேட்பேன். "ஃப்ரீஸிங்" என்பாள். தகப்பன் காரின் எண்ணெய் மாற்றச் சொல்லுவார். பத்து நிமிடத்துக்குள் எங்களிடம் இருக்கும் கேள்விகள் தீர்ந்துவிடும். சண்டை ஒன்றும் இல்லை. அன்பு குறைந்தும் போகவில்லை. அவள் இங்கிலீஷில் வாழ்கிறாள், நான் தமிழில் வாழ்கிறேன், நடுவில் உள்ள பாலம் பத்து நிமிடம்தான் தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிவைத்திருந்தேன்.

விசயத்தைச் சொன்னதும் "ஈஸி அம்மா, நான் செய்யிறன்" என்றாள். அன்று பின்னேரமே வீடியோவில் வந்தாள். அவளுடைய திரையை எனக்கும் காட்டினாள். இவர் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு காதை எங்கள் பக்கம் வைத்திருந்தார்.

"ஃபெர்ஸ்ட் க்வெஸ்டியன். நீங்களே அப்ளை பண்ணுறீங்களா, வேற ஆளுக்காகப் பண்ணுறீங்களா எண்டு கேக்குது. நான் உங்கட ரெப்ரசென்றேற்றிவ்."

"அப்பிடியெண்டால்?"

"உங்களுக்குப் பதிலா நான் கதைக்கிற ஆள். அடுத்தது, இதுக்கு நீங்க எனக்குக் காசு தாறீங்களா எண்டு கேக்குது."

"கிறிஸ்மஸுக்கு வரேக்கை வடை சுட்டுத் தருவன்."

"வடையைச் சொல்லத் தேவையில்லை எண்டு நினைக்கிறன்" என்று 'இல்லை'யை அழுத்தினாள்.

பாஸ்போட் இலக்கம், பெயர், பிறந்த இடம் எல்லாம் போயின. திருமண நிலை என்று வந்தது.

"மரீட்" என்று தானே சொல்லிக்கொண்டு அழுத்தப்போனவள் நின்று, "ஹாப்பிலி?" என்று கேட்டாள்.

"அப்பிடியும் ஒரு பெட்டி இருக்கோ?"

குசினியில் கத்தி ஒரு கணம் நின்று மறுபடி வெட்டத் தொடங்கியது.

பிறகு தொழில். அவள் எதையாவது போடுவாள், போடட்டும் என்று இருந்தேன். அவள் கைகளை விசைப்பலகையில் இருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, உங்கட வேலைக்குச் சரியான பேர் என்ன? நான் ஃப்ரெண்ட்ஸுக்கு, மை மம் டேக்ஸ் ப்ளட் எண்டுதான் சொல்லுறனான். அது ட்ராகுலா மாதிரி இருக்கு."

இங்கிலீஷில் அதற்கு 'ஃபிளெபொட்டமிஸ்ட்' என்று பெயர். சொன்னேன். எழுத்தையும் சொன்னேன். அவள் ஒவ்வொரு எழுத்தாக அடித்துவிட்டு, "எத்தினை வருசம்?" என்றாள்.

"பத்தொன்பது."

"நான் இயர் டூ படிக்கேக்கையே தொடங்கியிருக்கிறீங்க. ஹார்டா அம்மா, அந்த வேலை?"

அந்தக் கேள்வி படிவத்தில் இல்லை. அவள் தானாகக் கேட்டது. நான் சொன்னேன். வயது போனவர்களின் நரம்பு ஊசியைக் கண்டதும் வழுக்கி ஓடிவிடும், அதைக் கண்ணால் தேடக்கூடாது, விரல் நுனியால் தேடவேண்டும் என்று. மற்றவர்கள் இரண்டு தடவை குத்தியும் கிடைக்காத ஆட்களை என்னிடம்தான் அனுப்புவார்கள் என்று. பயந்து வரும் பெரிய ஆம்பிளைகளுக்கு அவர்களுடைய நாயைப் பற்றிக் கேட்டால் போதும், ஊசி போனது தெரியாது என்று. அவள் நாடியில் கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நேரம் முடியப்போகிறது என்று திரை எச்சரித்தது. அவள் பார்க்காமலே ஒன்றை அழுத்தி அந்த எச்சரிக்கையை மூடினாள்.

என்னைப் பற்றிய படிவத்தை என்னைக் கேட்டு நிரப்பிய முதல் ஆள் என் மகள்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சந்தோசத்தில் நான் பயந்துகொண்டிருந்த கேள்வியை மறந்துபோயிருந்தேன். அது அடுத்த பக்கத்தில் இருந்தது.

4

"கனடாவுக்கு வர முந்தி எப்பவாவது அப்ளை பண்ணினீங்களா? எந்த நாடாவது விசா தரமாட்டம் எண்டு சொன்னதா?"

"இல்லை எண்டு போடு" என்றேன்.

அவள் போடவில்லை. "அம்மா, யூ ஹெசிடேட்டட்."

"என்ன?"

"மற்ற எல்லாத்துக்கும் உடன சொன்னீங்க. இதுக்குக் கொஞ்சம் நிண்டு சொன்னீங்க."

"எப்பவோ நடந்தது. நீ பிறக்கேல்லை. ஆருக்குத் தெரியப்போகுது."

"கடைசியில நானும் ஒரு டிக் போடோணும் அம்மா. எனக்குத் தெரிஞ்ச அளவில எல்லாம் ட்ரூ எண்டு. நீங்க சொன்னாத்தானே எனக்குத் தெரியும்."

அவள் கண்டிப்பாகச் சொல்லவில்லை. இல்லை என்று போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அனுமதி பத்து நிமிடத்தில் வந்துமிருக்கலாம். ஆனால் தன் பெயரையும் என் பெயரோடு சேர்த்து வைக்கப்போகிறவளிடம் பொய்யை அடிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இவர் கறியை அடுப்பில் இருந்து இறக்கிவிட்டுப் பின் வளவுக்குப் போயிருந்தார். சொல்லத் தொடங்கினேன்.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. வசந்தி கனடா போய்ச் சேர்ந்துவிட்டாள். நானும் போகவேண்டும் என்று கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் வந்து நின்றேன். அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் ஒரு ஏஜென்சிக்காரரைக் காட்டினார். அந்த மனிதர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு மணித்தியாலம் என் படிவத்தை நிரப்பினார். அந்த ஒரு மணித்தியாலத்தில் என்னிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, "பிளேன்ரீ குடிக்கிறீரோ, தங்கச்சி?" பென்சிலால் குறுக்குக் கோடு போட்டிருந்த இடத்தில் நான் கையெழுத்து வைத்தேன்.

திரும்பி ஊருக்கு வரக்கூடிய ஆள் என்று காட்டவேண்டுமாம். அதற்காக எனக்குக் கலியாணம் கட்டிவைத்திருந்தார். புருசன் செல்வரத்தினம், புடவைக் கடை முதலாளி. இரண்டு பிள்ளைகள். புருசன் பெயரை மட்டும் சொல்லித் தந்தார். பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்றார்.

நேர்முகத்தில் இருந்த வெள்ளைக்காரர் மிகவும் மரியாதையான மனிதர். முதல் கேள்வியே, "உங்கள் பிள்ளைகளின் பெயர்கள் என்ன?"

"என்ன சொன்னீங்க?" மதுரா திரைக்குக் கிட்ட வந்துவிட்டாள்.

"வாயில வந்ததைச் சொன்னன். வசந்தி, பிறேமா."

"நோ."

"ஓம். ஆனால் அந்த ஆள் படிவத்திலை எழுதியிருந்தது ரெண்டு ஆம்பிளைப் பிள்ளையள்."

மதுரா சிரித்த சிரிப்பில் கொம்பியூட்டரின் திரை பின்னால் சரிந்து, கொஞ்ச நேரம் எனக்குக் கிரெய்கிபர்ன் வீட்டுக் கூரைதான் தெரிந்தது. அவளுடைய சிநேகிதி என்ன ஏது என்று ஓடிவந்த சத்தம் கேட்டது. மறுபடி முகம் வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரிப்பு அடங்கியது.

"அம்மா, நீங்க அப்ப என்னை விடச் சின்ன ஆள்."

"மூண்டு வயசு சின்ன ஆள்."

"தனியாவா போனீங்க அந்த இண்டர்வியூவுக்கு?"

"தனியத்தான். திரும்பி வந்து லொட்ஜிலை படுத்து ரெண்டு நாள் அழுதனான்."

பிறகு நானே சொன்னேன். "ஓம் எண்டு போடு."

விபரம் எழுதும் பெட்டியில் நான் சொல்லச் சொல்லச் சுருக்கமாக எழுதினாள். கடைசியில் உறுதிமொழியைத் தமிழில் சொல்லிக் காட்டினாள். "நான் சொன்னது எல்லாம் உண்மை. பொய் சொல்லியிருந்தால் என்னை..." என்று நிறுத்தி, சொல் கிடைக்காமல், "என்னைத் தள்ளிவிடுவினம்" என்றாள். பிழை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. அதுதானே விசயம்.

கதைத்து முடிக்க ஒரு மணித்தியாலமும் நாற்பது நிமிடமும் ஆகியிருந்தது. கத்தரிக்காய்க் கறி ஆறிப்போயிருந்தது.

5

ஈமெயில் பத்து நிமிடத்தில் வரவில்லை. அடுத்த நாள் வந்தது. வந்தது அனுமதி அல்ல, ஒரு கேள்வி. முன்னர் விசா மறுக்கப்பட்ட விபரங்களை ஒரு கடிதமாக எழுதி, இருக்கும் ஆவணங்களோடு அனுப்பவும்.

நான் சோர்ந்துபோனேன். இவரோ உற்சாகமாகிவிட்டார். என் பெயர் ஒட்டிய ஃபைலைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, அடியில் இருந்து ஒரு காகிதத்தை உருவினார். அந்தப் பழைய மறுப்புக் கடிதத்தின் பிரதி. கலியாணமாகி நான் இங்கே வர விண்ணப்பித்தபோது, வேறு நாடு மறுத்ததா என்ற கேள்விக்கு இவர் 'ஓம்' என்று எழுதி, அப்பாவிடம் இருந்து இதை எடுப்பித்து இணைத்திருக்கிறார். எனக்கே தெரியாது.

"அண்டைக்கே உண்மையைத்தான் எழுதினனான்" என்று கண்ணாடியைச் சரி செய்தார். முப்பது வருடமாக நான் பயந்துகொண்டிருந்ததை இந்த மனிதர் துளை போட்டு ஃபைலில் கோத்து வைத்திருந்தார்.

ஆனால் அந்தக் கடிதத்தில் இருந்தது ஒரே வரிதான். நான் திரும்பிப் போவேன் என்பதில் திருப்தி இல்லை என்ற வரி. செல்வரத்தினம் அதில் இல்லை. இவருக்கும் தெரியாது.

"நான் நல்லா எழுதித் தாறன் அம்மா" என்று மதுரா போனில் சொன்னாள். இவரும் கறுப்புப் பேனையை எடுத்தார். நான் இரண்டு பேரையும் வேண்டாம் என்றேன். சாப்பாட்டு மேசையில் இருந்து என் இங்கிலீஷில் நானே எழுதினேன். மூன்று தாள் கிழித்துப் போட்டு நாலாவதில் சரி வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதினேன். எழுதி முடித்ததைப் பார்க்கத் தரச் சொன்னார். கொடுத்தேன்.

பாதியில் நிமிர்ந்தார்.

"ஆர் இந்தச் செல்வரத்தினம்?"

"என்ர புருசன்."

"இவ்வளவு காலமும் என்னட்டைச் சொல்லேல்லை."

"சொல்ல என்ன கிடக்கு."

"ஆள் எப்பிடி?"

"பேப்பரிலை இருந்தவர்."

இவர் தாளை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். பின் வளவில் எலுமிச்சைக்குத் தண்ணீர் விட்டார். முதல்நாள் முழுக்க மழை பெய்திருந்தது. யன்னலால் பார்த்தேன், குழாயைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். மெய்யாகவே கோவித்துவிட்டாரோ என்று யோசித்தேன். புருசனைப் பற்றி அல்ல, நான் இதைத் தனியே வைத்திருந்ததைப் பற்றி.

கொஞ்ச நேரத்தால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்று கேட்டார்.

"பிள்ளையளுக்கு வசந்தி, பிறேமா எண்டோ சொன்னனீர்?"

"ஓம்."

அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் அந்த மேசையில் இருந்து, ஒருவர் நிறுத்த மற்றவர் தொடங்க, வயிறு நோகச் சிரித்தோம். பிறகு கடிதத்தைக் கடைசி வரை வாசித்தார். பேனையைத் திறக்கவில்லை.

"ஒரு எழுத்தும் மாத்தத் தேவையில்லை" என்றார். ஒரு பிரதி மட்டும் எடுத்து ஃபைலில் போட்டார்.

மதுரா அதை அனுப்பிவிட்டு எனக்குப் போன் எடுத்தாள். "அம்மா, நானும் ஒண்டும் மாத்தேல்லை. அவர் என் பிள்ளைகளின் பெயரைக் கேட்டார், என்னிடம் பிள்ளைகள் இருக்கவில்லை எண்டு எழுதியிருக்கிறீங்களே, அதுதான் பெஸ்ட் லைன்."

6

அதற்குப் பிறகு காத்திருப்பு. எட்டு நாள், ஏழு நாள், ஆறு நாள் என்று போனது.

பிறேமா ஊரில் இருந்து கூப்பிட்டாள். "எடியே, நான் போன வருசமே போட்டு எட்டு மாசம் காத்துக்கொண்டிருந்தனான். கைரேகை குடுக்க ரெண்டு தரம் கொழும்புக்குப் போய் வந்தனான். காணி உறுதியிலை இருந்து பென்சன் கடிதம் வரைக்கும் குடுத்தனான். நீ எட்டு நாளுக்கு இப்பிடித் துடிக்கிறாய்." பிறகு குரலைத் தாழ்த்தி, "என்ர பாஸ்போட்டோட நான் வாறன், உன்ர பாஸ்போட்டோட நீ நிக்கிறாய். இந்த உலகத்திலை ஒருக்காவாவது இப்பிடி நடக்கத்தானே வேணும்" என்று சிரித்தாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

மதுரா இப்போது ஒவ்வொரு நாளும் எடுத்தாள். முதல் வசனம் "இன்னும் வரேல்லை" என்பது. அதற்குப் பிறகும் போனை வைக்கமாட்டாள். வெள்ளவத்தை லொட்ஜில் என்ன சாப்பிட்டீர்கள், அப்பாவை முதல் எங்கே கண்டீர்கள், அணியில் நீங்கள் எந்த இடம் என்று கேட்பாள். கோல் ஷூட்டர் என்றதும், "அப்ப ப்ராக்டிஸ் பண்ணுங்க. அப்ரூவல் வரேக்கை நீங்க ரெடியா இருக்கோணும்" என்று உத்தரவு போட்டாள். அடுத்த நாள் தபாலில் ஒரு வலைப்பந்து வந்தது.

வேலை முடிந்து வந்து, பக்கத்துப் பூங்காவில் இருக்கும் கம்பத்துக்கு இவரும் நானும் போவோம். வெளிச்சம் அரை மணித்தியாலத்துக்குத்தான் மிச்சம் இருக்கும். நான் எறிவேன், இவர் தொப்பியும் கம்பளிச் சட்டையுமாக ஓடிப்போய்ப் பந்தை எடுத்து வருவார். முதல் நாள் ஐம்பது எறிந்து மூன்றுதான் விழுந்தது. நாலாம் நாள் இவர் கம்பத்தை நிமிர்ந்து பார்த்து, "உயரம் சரிதானோ எண்டு பாக்கோணும்" என்றார். கம்பத்தில் பிழை இல்லை. ஆனாலும் அப்படிச் சொன்னது நன்றாக இருந்தது.

பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வேலையில் ஒரு கிழவியின் கையைப் பிடித்து நரம்பைத் தேடிக்கொண்டிருந்தேன். என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுக்கமுடியாது. ஊசியைப் போட்டேன். மூன்று குழாய் நிரப்பினேன். பஞ்சை வைத்து அழுத்தி ஒட்டினேன். குழாய்களில் அவருடைய பெயரை எழுதி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். போன் மறுபடி அதிர்ந்தது. மறுபடியும்.

"முக்கியமான ஆளோ?" என்று கிழவி கேட்டார்.

கையுறையைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். மதுரா. தமிழ் எழுத்தில் எனக்கு ஒருநாளும் எழுதாதவள், எங்கேயோ தேடி எடுத்து, பிழையோடு அடித்திருந்தாள். 'அம்மா வந்திடுது.' அடுத்ததும் அதே. அடுத்ததும் அதே.

"கனடா என்னை வரச் சொல்லியிருக்கு" என்று கிழவியிடம் சொன்னேன்.

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டு, "அவர்களுக்கு நல்ல காலம்தான், கண்ணே" என்றார்.

7

இவர் வரவில்லை. உங்கள் ஏழு பேருக்கும் நடுவில் எனக்கு என்ன வேலை என்று விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளித் தந்துவிட்டு நின்றார். விமானத்தில் ஒரு சின்ன அட்டையும் தரவில்லை. தந்திருந்தாலும் என் பையில் பேனை இருந்தது.

வன்கூவரில் இறங்கி விமானம் மாறவேண்டும். குடிவரவு வரிசையில் அனுமதி ஈமெயிலின் பிரதியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அதிகாரி ஒரு சீக்கிய இளைஞர். பாஸ்போட்டை வைத்துப் பார்த்துவிட்டு, என்ன நோக்கத்துக்காக வந்தீர்கள் என்று கேட்டார்.

"வலைப்பந்து விளையாட."

அவர் என் முகத்தையும் பிறந்த திகதியையும் மாறி மாறிப் பார்த்தார். "பார்ப்பதற்கா?"

"இல்லை. விளையாட. நான் கோல் ஷூட்டர்."

அவர் சிரிக்கவில்லை. தலையை ஒரு தடவை குனிந்து நிமிர்த்தி, "வெல்லுங்கள்" என்று பாஸ்போட்டை இரண்டு கையாலும் தந்தார்.

ரொறன்ரோ வாசலில் ஆறு பேரும் ஜேர்ஸியைச் சல்வாருக்கு மேலும் சேலைக்கு மேலும் மாட்டிக்கொண்டு நின்றார்கள். பிறேமாவைத்தான் முதல் கண்டேன். தலை முழுக்க வெள்ளை. அவள் என் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துப் பார்த்தாள். அந்தக் காலத்தில் ஆட்டத்துக்கு முன்பு அப்படித்தான் செய்வாள். வசந்தி என்னைத் திருப்பி நிறுத்தி ஜேர்ஸியை மாட்டிவிட்டாள். சைஸ் சரியாக இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆட்டத்தைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. அந்தப் பிள்ளைகள் எங்களை 'அன்ரி, அன்ரி' என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே பந்தைப் பறித்துக்கொண்டு போனார்கள். நோர்வேக்காரிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது, நொண்டிக்கொண்டே ஆடினாள். லண்டன்காரி மத்தியஸ்தரோடு சண்டை பிடித்தாள். முப்பத்தொன்பது வருடத்துக்கு முன்பும் அவள்தான் பிடித்தாள். இடைவேளையில் ஒருவராலும் கதைக்க முடியவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தபடி இருந்தோம்.

முடிந்ததும் சுவரில் சாய்ந்து நிலத்தில் இருந்து மதுராவுக்குப் போன் எடுத்தேன். மெல்பேர்ணில் ஞாயிறு காலை. முதல் மணி அடித்து முடிய முன்பே எடுத்தாள். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்திருக்கவேண்டும்.

"அம்மா, வெண்டீங்களா?"

"தோத்திட்டம். நாற்பத்தொண்டுக்கு நாலு."

"ஓ, அம்மா." பிறகு கேட்டாள். "அந்த நாலும் ஆர் போட்டது?"

"நாலும் நான்தான் போட்டனான்" என்றேன்.